நடந்துவிட்டுச் சாப்பிடுங்கள்: டியூரஹேவன் காட்டு விடுதிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கோபன்ஹேகனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம்மவர்கள் டேனிஷ் சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பது பெரும்பாலும் நியூஹௌன் கால்வாய்க் கரையில்தான். வண்ண வீடுகளைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, எதிரில் இருக்கும் கடையில் உட்கார்ந்து, ரை என்னும் தானியத்தில் சுட்ட ரொட்டி மேல் ஊறவைத்த மீனை வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு வருகிறார்கள். "டேனிஷ் சாப்பாடு நமக்கு ஒத்துவராது" என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தப்பு என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சாப்பாடு உடம்பால் உழைத்தவர்களுக்காக உருவானது. கனத்த ரை ரொட்டி, வெண்ணெய், உப்பு, வினிகர், பன்றிக் கொழுப்பு எல்லாமே குளிரில் நடந்து களைத்த உடம்பு கேட்பவை. நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டுச் சாப்பிட்டால் நெஞ்சில் நிற்கும். இரண்டு மணி நேரம் காட்டில் நடந்துவிட்டு ஒரு பழைய விடுதியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஏன் இப்படிச் சமைத்தார்கள் என்பது தானாகவே புரியும். அதற்குத் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது: டியூரஹேவன் என்னும் மான் காடும் அதற்குள் இருக்கும் பேட்டர் லீப்ஸ் ஹூஸ் என்னும் விடுதியும்.

எந்த நாளில் போவது

மே மாதத் தொடக்கத்தில் பீச் மரங்கள் ஒரே வாரத்தில் தளிர்த்துவிடும். அந்தப் பச்சையைப் பார்க்கவே டேனிஷ்காரர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை மான்களின் இணைசேரும் காலம், ஆண் மான்களின் கர்ஜனை தூரத்திலேயே கேட்கும். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு அக்டோபர்தான் சரி. குளிர் பசியைக் கிளப்பும், பாதையும் இன்னும் சேறாகியிருக்காது.

நவம்பரின் முதல் ஞாயிறைத் தவிருங்கள். அன்று ஹூபெர்ட்டஸ் குதிரையோட்டம் நடக்கும், ஊரே திரண்டு வரும். விழாவைப் பார்க்கப் போவதானால் போகலாம், நிம்மதியாகச் சாப்பிட முடியாது. டிசம்பரில் அலுவலகங்களும் குடும்பங்களும் கிறிஸ்துமஸ் விருந்துக்காக விடுதிகளை முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். அந்த மாதத்தில் பொழுதும் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சாய்ந்துவிடும். குளிர்காலத்தில் போவதானால் காலை பத்து மணிக்குக் காட்டுக்குள் இருப்பதுபோல் கிளம்புங்கள்.

வார நாள் கிடைத்தால் வார நாள். ஞாயிறுதான் முடியும் என்றால் மேசையை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். விடுதியின் இணையதளத்தில் அன்று திறந்திருக்கிறதா, மதியப் பட்டியல் எத்தனை மணி வரை என்று பாருங்கள். மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் இங்கே வேறு வேறு. ரொட்டியும் மீனும் அடுக்கிய பழைய முறைச் சாப்பாடு மதியத்துக்கு உரியது, பிற்பகலோடு அது முடிந்துவிடும். ஒன்றரை மணிக்கு மேசை சொல்லி வைத்தால் நடைக்கும் நேரம் இருக்கும், சமையலறையும் அவசரப்படுத்தாது.

போய்ச் சேர்வது

கோபன்ஹேகன் மத்திய நிலையத்திலிருந்து எஸ் ரயில் என்னும் புறநகர் ரயிலில் சி தடத்தில் ஏறினால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் கடைசி நிறுத்தமான கிளாம்பன்போர். ஏறுவதற்கு முன்பே பயணச்சீட்டு இருக்க வேண்டும், உள்ளே யாரும் தர மாட்டார்கள், பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் கடுமை. சைக்கிளை எஸ் ரயிலில் இலவசமாகக் கொண்டுபோகலாம். ஆனாலும் முதல் தடவை நடந்தே பாருங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் பெரிய சிவப்புக் கதவு. காட்டைச் சுற்றிலும் இப்படிச் சிவப்புக் கதவுகள்தான் வாசல்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கதவருகே குதிரை வண்டிகள் நிற்கும். முட்டி வலி உள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் அதில் ஏறிக்கொள்ளலாம், விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான பார்வையாளர்களின் கார்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால்தான் இவ்வளவு அமைதி.

தண்ணீர் பாட்டில், மழைக்கு ஒரு மேலுடை, சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற காலணி போதும். விடுதியில் நடைக் காலணியோடு வருகிறவர்களை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். வாசலில் நன்றாகத் துடைத்துவிட்டு நுழைந்தால் சரி.

முதலில் நடை, அப்புறம்தான் விடுதி

சிவப்புக் கதவிலிருந்து விடுதி கொஞ்ச தூரம்தான். நாணல் கூரை வேய்ந்த வீடு கண்ணில் பட்டதும் உள்ளே போய் உட்காரத் தோன்றும். போகாதீர்கள். நேரே தாண்டி வடக்கே நடங்கள். எரமிடேஜ் மாளிகை வரை போய்த் திரும்பினால், எடுக்கும் பாதையைப் பொறுத்து ஆறேழு கிலோமீட்டர். சாதாரண நடையில் இரண்டு மணி நேரம்.

வழியில் கியர்ஸ்டன் பீல் ஊற்று இருக்கிறது. 1583-இல் கியர்ஸ்டன் பீல் என்ற பெண் இதைக் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாக வரும் கதை. இந்தத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் கோடையில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்களுக்குத் தின்பண்டம் விற்கவும் வித்தை காட்டவும் ஆட்கள் கூடாரம் போட்டார்கள். அந்தக் கூடாரங்கள் வளர்ந்து பாக்கன் என்னும் கேளிக்கைப் பூங்காவாயின. உலகின் மிகப் பழைய கேளிக்கைப் பூங்கா என்று அதைச் சொல்கிறார்கள். இந்தக் காட்டுக்கு நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போடும் தொழில் அவ்வளவு பழையது. பேட்டர் லீப் என்பவர் இங்கே அரச வேட்டைக்காட்டின் காவலராக இருந்தவர். அவர் குடியிருந்த இடம் என்பதால் விடுதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

காட்டுக்குள் போனதும் மரங்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். இலைகள் எல்லாம் ஒரே உயரத்தில், நூல் பிடித்து வெட்டியதுபோல் நின்றிருக்கும். அதற்குக் கீழே ஒரு தளிர் இருக்காது. ஒரு மான் கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரம் அது. செம்மான், புள்ளி போட்ட டாமா மான், சீகா மான் என்று இரண்டாயிரத்துக்கும் மேல் இங்கே மேய்கின்றன. கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டாம், ஐம்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். குறிப்பாக இலையுதிர் காலத்தில் ஆண் மானுக்கும் அதன் கூட்டத்துக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். ஜூன் மாதத்தில் புல்லுக்குள் குட்டி தனியாகப் படுத்திருந்தால் தாய் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, தொடாமல் விலகிப் போங்கள். எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. நாயைக் கூட்டிப்போனால் ஆண்டு முழுக்கக் கயிற்றில்தான்.

நேர்கோடாக ஓடும் சாலைகளும் அவை ஒரே இடத்தில் வந்து சேரும் சந்திப்புகளும் வேட்டைக்காகப் போட்டவை. ஒரு மானை நாய்களை விட்டு, அது களைத்து விழும்வரை குதிரையில் துரத்துவது அன்றைய அரசர்களின் வேட்டை முறை. அதற்கு இடம் வேண்டும் என்று 1670-இல் ஐந்தாம் கிறிஸ்டியன் காட்டை விரிவாக்கியபோது ஸ்டோக்கரூப் என்ற கிராமத்தையே காலி செய்தார்கள். அந்த ஊரின் குளங்கள் இன்னும் புல்வெளியில் கிடக்கின்றன. 1698-இல் இதே மாதிரி வேட்டையில் ஒரு மானிடம் அடிபட்ட அந்த அரசர் அடுத்த ஆண்டு இறந்துபோனார். 2015-இல் யுனெஸ்கோ இந்த வேட்டை நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மரங்கள் விலகிப் பெரிய புல்வெளி திறக்கும் இடத்தில் எரமிடேஜ். கட்டடக் கலைஞர் லாவ்ரிட்ஸ் டி தூரா, ஆறாம் கிறிஸ்டியன் அரசருக்காகக் கட்டி 1736-இல் முடித்தது. தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. தங்குவதற்கான மாளிகை இல்லை இது, வேட்டைக்கு நடுவே விருந்து சாப்பிடுவதற்கு மட்டும் எழுப்பியது. கீழ்த்தளத்தில் பரிமாறிய மேசையை அப்படியே மேலே தூக்கிக் கொண்டுவரும் இயந்திரம் இருந்தது. பணியாட்கள் யாரும் அறையில் இல்லாமல் அரசரும் விருந்தினரும் தனியாகச் சாப்பிடலாம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியும், தெளிவான நாளில் ஸ்வீடன் கரையும் தெரியும். காற்று பலமாக அடிக்கும். ஐந்து நிமிடம் நின்றாலே பசி வந்துவிடும். திரும்பும்போது சாலையை விட்டு மரங்களுக்கு நடுவே போகும் மண் பாதையில் வாருங்கள்.

மேசையில் உட்கார்ந்ததும்

டென்மார்க்கில் எந்த உணவகத்திலும் வாசலில் உணவுப் பரிசோதனை அறிக்கை ஒட்டியிருக்கும். சிரித்த முகம் போட்டிருந்தால் சுத்தத்தில் குறையில்லை. உள்ளே பெயரைச் சொல்லிக் காத்திருங்கள், மேசையைக் காட்டுவார்கள். கனமான கோட்டை நாற்காலியில் போடாமல் கொக்கியில் மாட்டுங்கள். பழைய விடுதிகளில் கூரை தாழ்வாக, மேசைகள் நெருக்கமாக இருக்கும். வெயில் நாளில் வெளியே உட்கார்வது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது. நம் வாழையிலையில் சாம்பாருக்கு அப்புறம் ரசம், ரசத்துக்கு அப்புறம் மோர் என்பதுபோல் இங்கேயும் எதற்கு அப்புறம் எது என்று ஒரு முறை உண்டு. முதலில் ஹெர்ரிங் மீன், அடுத்து மற்ற மீன்கள், பிறகு இறைச்சி, கடைசியில் சீஸ். புளிப்பும் உப்பும் முதலில் நாக்கைத் திறக்கும், கொழுப்பு பின்னால் வரும். இந்த வரிசையை மாற்றிச் சாப்பிட்டால்தான் திகட்டுகிறது. நகரத்தில் ஒரே ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு ஏமாறுவதற்குக் காரணமும் இதுதான்.

வெண்ணெய் தடவிய ரொட்டி மேல் எல்லாவற்றையும் அடுக்குவதுதான் ஸ்மோர்ப்ரோ. கையில் எடுத்துக் கடிக்கக் கூடாது, கத்தியும் முள்கரண்டியும்தான். ஒருவருக்கு இரண்டு துண்டு போதும், நன்றாகப் பசித்தால் மூன்று. விடுதியின் கலவைத் தட்டு ஒன்றும் பட்டியலில் இருக்கும். இருவராகப் போனால் ஆளுக்கொன்று அதைச் சொல்லிவிடலாம், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

ஹெர்ரிங் நம் மத்தி மீனின் குடும்பம்தான். வெள்ளையாக வருவது வினிகர், சர்க்கரை, வெங்காயம், மிளகு வகைகளில் ஊறியது. சிவப்பாக இருப்பது மசாலா தூக்கலானது. மஞ்சளாக, முட்டையோடு வருவது கறிப்பொடி கலந்த ஹெர்ரிங். அந்தப் பெயரைப் பார்த்து நம் குழம்பை எதிர்பார்க்காதீர்கள், அது இனிக்கும். இவை எல்லாமே அடுப்பில் வேகாத, ஊறிப் பதமான மீன்கள். தயக்கமாக இருந்தால் பொரித்து வினிகரில் ஊறவைத்த ஹெர்ரிங்கைக் கேளுங்கள். மாவில் புரட்டிப் பொரித்த மீனைப் புளிப்பும் இனிப்புமான சாற்றில், வெங்காய வளையங்களோடு போட்டு வைத்திருப்பார்கள். சூடாக இருக்காது. தோல் சாற்றை உறிஞ்சி மெத்தென்று ஆகியிருக்கும், உள்ளே சதை கெட்டியாக இருக்கும். மீன் குழம்பை மறுநாள் சாப்பிட்டு ருசித்த நாக்குக்கு இது முதல் வாயிலேயே பிடிக்கும். ஹெர்ரிங் முடிந்ததும் தட்டை மாற்றுவார்கள். மாற்றாவிட்டால் கேட்கலாம், அதில் தப்பில்லை.

ஹெர்ரிங்கோடு ஸ்னாப்ஸ் குடிப்பது வழக்கம். சீமைச்சோம்பு அல்லது சோயிக்கீரை மணம் ஏற்றிய கடும் மது, சின்னக் கிளாஸில் சில்லென்று வரும். கிளாஸை உயர்த்தி, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து "ஸ்கோல்" என்று சொல்லிக் குடித்துவிட்டு, மறுபடியும் கண்ணைப் பார்த்துத்தான் கீழே வைக்க வேண்டும். குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். எல்டர் பூச் சாறு கேளுங்கள், அல்லது வடிகட்டாத ஆப்பிள் சாறு. இரண்டும் இந்தச் சாப்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும்.

அடுத்த சுற்றுக்குத் தட்டை மீன். ரொட்டித் தூளில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சையும் ரெமுலாட் என்னும் மஞ்சள் சாஸும் வைத்துச் சூடாகத் தருவார்கள். நம் ஊர்க் குழந்தைகளும் மறுக்காமல் சாப்பிடுவார்கள்.

இறைச்சியில் ஸ்டெக்ட் ஃப்ளெஸ்க்கைத்தான் சொல்வேன். 2014-இல் மக்கள் வாக்களித்துத் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தது இதுதான். பன்றியின் வயிற்றுப் பகுதியைத் தோலோடு நீளத் துண்டுகளாக்கி, கொழுப்பு உருகி ஓரங்கள் மொறுமொறுவென்று ஆகும்வரை வறுப்பார்கள். பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு, கிண்ணம் நிறைய வெள்ளை சாஸ், அதில் பார்ஸ்லி பச்சையாக மிதக்கும். ஊறிய பீட்ரூட்டும் வரும். சாஸை இறைச்சி மேல் ஊற்றிவிடாதீர்கள், மொறுமொறுப்பு போய்விடும். கிழங்கு மேல் ஊற்றிக்கொண்டு, இறைச்சியைத் தனியாகக் கடித்து, நடுநடுவே பீட்ரூட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவில்லாமல் தரும் விடுதிகளும் உண்டு. இதைச் சொன்னால் ரொட்டித் துண்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காரம் தேடுகிறவர்கள் துருவிய குதிரைமுள்ளங்கி கேட்கலாம். வறுத்த மாட்டிறைச்சித் துண்டின் மேல் அதை வைத்துத் தருவது வழக்கம். நாக்கில் எரியாது, மூக்கில் ஏறும்.

பன்றியும் மாடும் சாப்பிடாதவர்களுக்கு

மீன் இருக்கிறது, இறால் இருக்கிறது. மொறுமொறுப்பான சின்ன மாவுக் கிண்ணத்தில் கோழியும் அஸ்பாரகஸும் வெள்ளை சாஸில் வரும் டார்டலெட் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் பன்றி வரும் இடங்கள் உண்டு. ஃப்ரிகடெல்லர் என்னும் உருண்டைகள் பெரும்பாலும் பன்றியும் கன்றும் கலந்தவை. ஈரல் பேஸ்ட் பன்றி ஈரல்தான். முட்டை அடையின் மேல் பன்றித் துண்டுகளை அடுக்கியிருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சிவப்பு முட்டைக்கோஸைப் பல இடங்களில் வாத்துக் கொழுப்பில் வேகவைப்பார்கள், சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. என்ன சேர்த்திருக்கிறது, எது ஒவ்வாமை தரும் என்று கேட்டால் பதில் சொல்வது அவர்கள் கடமை, கூச்சப்பட வேண்டாம்.

சைவத்துக்கு உருளைக்கிழங்கு ரொட்டி. ஆறிய கிழங்கை வட்டமாக நறுக்கி ரை ரொட்டி மேல் ஓடு வேய்வதுபோல் அடுக்கி, மயோனைஸ், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், மொறுமொறு வெங்காயம் போட்டுத் தருவார்கள். புதுக் கிழங்கு வரும் ஜூன் மாதத்தில் இதற்கு ஈடு இல்லை. மயோனைஸில் முட்டை உண்டு. பழைய சீஸ் ரொட்டி மேல் இறைச்சிச் சாறு உறைந்த துண்டு ஒன்றை வைப்பார்கள், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இனிப்புக்கு, கோடையில் மோர் போன்ற குளிர்ந்த கோல்ஸ்கோலும் அதில் நொறுக்கிப் போடும் சின்னப் பிஸ்கட்டும் கிடைத்தால் விடாதீர்கள். இலையுதிர் காலத்தில் ஆப்பிள் கேக். நவம்பர் 10 மார்டின் திருநாளின் முந்தைய இரவு, அன்று நாடு முழுக்க வாத்து வறுவல்தான், மேசைக்குச் சில வாரம் முன்பே சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கு முடிப்பது

விலை மலிவில்லை. ஒரு ஸ்மோர்ப்ரோ துண்டே பெரும்பாலும் நூறு குரோனரைத் தாண்டும், குழாய்த் தண்ணீருக்குக்கூடச் சில இடங்களில் காசு. பட்டியலில் இருக்கும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம், தனியாக டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். அட்டை எங்கும் எடுப்பார்கள். பல பேராகப் போனால் தனித்தனிக் கணக்கு வேண்டும் என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். எழுந்து போகும்போது "தக் ஃபோ மல்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள். பதிலுக்கு "வெல்பெகொம" என்பார்கள்.

இரவு தங்குகிற விடுதிகள்

மான் காட்டு விடுதி சாப்பாட்டுக்குத்தான், தங்க அல்ல. அடுத்த கட்டமாகப் படுக்கையும் தரும் கிராமத்து விடுதிக்குப் போகலாம், அதைத்தான் டேனிஷ்காரர்கள் க்ரோ என்கிறார்கள். அரசர் எரிக் கிளிப்பிங் 1283-இலேயே பெருவழிகளிலும் படகுத் துறைகளிலும் விடுதி இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பின்னாளில் அரச உரிமை பெற்ற விடுதிகளுக்குச் சொந்தமாக பீர் காய்ச்சவும் ரொட்டி சுடவும் சலுகை இருந்தது. பலகையில் கிரீடம் வரைந்த பழைய விடுதியைப் பார்த்தால் அந்த வழியில் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஃபானோ தீவில் 1722-இல் தொடங்கிய சோண்டர்ஹோ க்ரோ இருக்கிறது. கடற்கரை நடைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்கலாம். நாள்கணக்கில் நடக்க விரும்புகிறவர்களுக்கு யூட்லாந்து தீபகற்பத்தில் ஹேர்வையன் பாதை. ஒரு காலத்தில் மாட்டு மந்தைகளைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போன வழி அது. அதன் தெற்குப் பகுதியில் காபியோடு பல வகைக் கேக்குகளை மேசை நிறைய அடுக்கும் பழக்கம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

இப்படித் தங்குவதானால் அறையும் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்த தொகுப்பாக எடுங்கள், தனித்தனியாக எடுப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு. நடந்து வருகிறோம், இத்தனை மணிக்கு வருவோம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். கிராமத்துச் சமையலறைகள் சீக்கிரம் அடுப்பை அணைத்துவிடும். ஏழு மணிக்குள் மேசையில் இருப்பதுபோல் அன்றைய தூரத்தைக் கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகு அந்த ஊர்களில் திறந்திருக்கும் கடை கிடைப்பது கஷ்டம்.